துயிலிற் பேசும் நா

பகலெல்லாம் அடக்கமாயிருந்த நா, இரவில் உடல் அயர்ந்த பின்னர்த் தானே அசைந்து பேசுவதுண்டு. இதனை வாய்வெருவுதல் என்றும், பிதற்றுதல் என்றும் தமிழர் வழங்குவர். ஷேக்ஸ்பியர் தம் மாக்பெத் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திலே, மாக்பெத் சீமாட்டி உறக்கத்தில் எழுந்து நடந்து, தன் நெஞ்சிற் புதைத்த கொலையை வாய்விட்டுரைக்கக் காட்டுகின்றார். மருத்துவரும் பணிப்பெண்ணும் அதனைக் கேட்டு நடுங்குகின்றனர். இக்காட்சியைப் படித்தோர் பலர், துயிலிற் பேசுவது மறைத்த குற்றத்தின் வெளிப்பாடே என்று கருதிவிடுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதனையும், முதுகலை வகுப்பிற் சேர விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவரிடம் இது மிகுதல் ஏன் என்பதனையும், அதனைத் தணிக்கும் வழி யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

உறக்கம் ஒரே தன்மையதன்று. 1953 ஆம் ஆண்டிலே சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூஜீன் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் என்னும் அறிஞர் இருவர், உறங்குவோருடைய விழிகள் மூடிய இமைக்குள் சிற்சில வேளைகளில் விரைந்து அசைதலைக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் மிகுதியும் தோன்றுவது அந்நிலையிலேயாம். அப்பொழுது கைகால் தசைகள் கட்டுண்டாற்போலச் செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுவோன் கட்டிலினின்று இறங்கி ஓடாமைக்கு இதுவே காரணம். விழி அவ்வாறு அசையாத உறக்கம் மற்றொரு நிலை. இவ்விரண்டும் சற்றேறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று வரும். தசைக்கட்டு ஒருகணம் நெகிழுமாயின், கனவின் பேச்சு நாவழியே வெளிப்படும். ஆழ்ந்த உறக்கத்தில் மூளை முற்றும் விழியாமல் அரைகுறையாய் விழிக்குமாயின், அப்பொழுதும் முனகலும் குழறலும் எழும்.

இப்பேச்சின் இயல்பை 2017 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து இசபெல் ஆர்னுல்ஃப் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்து வெளியிட்டனர். 232 பேரை உறங்கச் செய்து அவர்தம் பேச்சைப் பதிந்தபொழுது, பாதிக்கு மேற்பட்டவை சொல்லுருப் பெறாத ஒலிகளாகவே இருந்தன. சொற்களுள் மிகுதியாக ஒலித்தது மறுத்துரைக்கும் ‘இல்லை’ என்னும் பொருளதே. வாக்கியங்களோ பெரும்பாலும் இலக்கண வழுவின்றி அமைந்திருந்தன. உறங்கும் மூளையும் இலக்கணத்தை மறவாது என்பது, தேர்வறையில் விழித்திருந்தே வழுச்செய்யும் நம்மனோர்க்குச் சிறிது நாணம் தருவதாகும்! இனி, டையான் மக்கிரெகர் என்னும் அமெரிக்கப் பாடலாசிரியரின் துயிற்பேச்சை அவருடன் தங்கியிருந்தவர் பதிவு செய்ய, அது 1964 இல் இசைத்தட்டாகவே வெளிவந்தது. அதிற் கேட்பன விந்தையான கற்பனைக் கதைகளே. ஆதலின், துயிற்சொல்லை வாக்குமூலமாகக் கொள்ளுதல் நாடகத்திற்குப் பொருந்துமேயன்றி வாழ்க்கைக்குப் பொருந்தாது.

எனினும், நெஞ்சின் சுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதன்று. இப்பழக்கம் சில குடும்பங்களில் வழிவழி வருவதுண்டு. காய்ச்சலும் உறக்கக்குறைவும் மனக்கலக்கமும் அதனைத் தூண்டும். காத்திருத்தலோ கலக்கங்களுட் கொடியது. 2016 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 45 பேரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். கணிப்பொறித் திரையிலே தோன்றும் கல்லின் கீழ்ப் பாம்பு உண்டோ இல்லையோ என்று அவர்கள் ஊகித்தல் வேண்டும். பாம்பு இருக்குமாயின் கையில் வலிதரும் மின்னதிர்ச்சி பாயும். அதிர்ச்சி வருவது உறுதி என்று அறிந்தபொழுது அவர்கள் அத்துணைக் கலங்கவில்லை; வருமோ வாராதோ எனச் சரிபாதி ஐயம் நின்றபொழுதே பெரிதும் கலங்கினர்.

நம் மாணவர் நிலையும் இஃதே. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை வகுப்புக்களுக்கு 2022 ஆம் ஆண்டிலே பொது நுழைவுத் தேர்வு புகுந்தது. தேர்வெழுதியோர் மதிப்பெண் வரும்வரை ஒருகால் காத்திருப்பர். பின்னர்த் தரவரிசைப் பட்டியலுக்கு மறுகால் காத்திருப்பர். இடங்கிடைக்கும் வரை இன்னும் சில சுற்றுக்கள் காத்திருப்பர். எழுதிய விடையைத் திருத்தவும் இயலாது. வரும் முடிவை முன்னறியவும் இயலாது. பகலில் செய்தற்கு யாதொன்றுமில்லாத நெஞ்சம் இரவிலும் ஓயாது. உறக்கம் இடையிடையே முறியும். முறியும் இடங்களிலே நா பேசும்.

இதனைத் தணிக்க நாவைக் கட்டுதல் வேண்டா. பகலை ஒழுங்கு செய்தலே வேண்டும். முதலாவது, நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுதல். இரண்டாவது, மாலைக் காபியை விடுத்தல்; அதிலுள்ள காபீன் பாதியளவு குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மூன்றாவது, முடிவு வந்ததோ என்று கைப்பேசியைப் பார்ப்பதற்குப் பகலில் ஒரு வேளை குறித்துக்கொண்டு, இராவுணவிற்குப் பின் பாராதிருத்தல். நான்காவது, உறங்குமுன் ஐந்து நிமிடம் எழுதுதல். 2018 இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் 57 இளைஞரை ஆராய்ந்ததில், செய்து முடித்தவற்றை எழுதினோரினும், இனிச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதினோர் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக உறங்கினர். எத்துணை விரிவாக எழுதினரோ அத்துணை விரைவில் உறங்கினர். இடங்கிடையாவிடின் செய்யத்தக்க அடுத்த முயற்சியையும் அத்தாளிற் குறித்துவைத்தல் நலம். ஐயத்தை நீக்க நம்மால் இயலாவிடினும், அதன் இரு கரைகளிலும் வழியுண்டு என நெஞ்சிற்குக் காட்டுதல் இயலும்.

துயிற்பேச்சு தன்னளவில் நோயன்று, மருந்தும் வேண்டுவதில்லை. ஆயினும், அலறி எழுதல், எழுந்து நடத்தல், கைகால்களை வீசி அடித்தல், குறட்டையிடையே மூச்சுத் திணறுதல், பகலில் ஓயாத தூக்கம், நீங்காத மனச்சோர்வு ஆகியவற்றுள் ஒன்று உடனிருப்பின் மருத்துவரைக் காண்டல் கடன்.

இனி, அறைத்தோழர்க்குச் சில சொல்லுதும். பிதற்றுவோரை உலுக்கி எழுப்பற்க. வினா எழுப்பி விடை வாங்க முயலற்க. அச்சொற்களைக் கைப்பேசியிற் பதிந்து பிறர்க்கு அனுப்பற்க. இரவில் ஒருவர் பிதற்றியதனைக் காலையில் உணவுச்சாலையில் நடித்துக் காட்டுதல் சிறுவிளையாட்டாகத் தோன்றலாம். கேட்டவர் நகைத்துப் போவர். நகைக்கப்பட்டவரோ மறுநாள் உறங்குதற்கே அஞ்சி விழித்திருப்பர். உறக்கம் குறையக் குறையப் பிதற்றல் மிகும். நகையே நோய்க்கு வித்தாதல் இவ்வாறு.

நம்மிடம் நம்பித் தந்த பொருளைக் காத்தல் அறமென அறிவோம். துயில்வோர் தம்மையறியாது நம் செவியிற் போட்ட சொல்லும் அத்தகையதே. விண்ணப்பங்களின் முடிவு எவ்வாறாயினும் ஆகுக. அதுகாறும் ஒருவர் அஞ்சாது கண்மூடத்தக்க அறையை அவர்க்கு அமைத்துக் கொடுத்தல் நம் கையில் உள்ளது.