கதையில் வரும் ‘நான்’ யார்?

ஒன்பதாம் வகுப்பில் மர்மச் சிறுகதை ஒன்று எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் கதை புயல் இரவில் தொடங்கியது. காரைக்கால்மேட்டுக் கடற்கரை, கையில் டார்ச் விளக்கு, அலை இழுக்கும் படகைக் கயிறு போட்டுக் கட்டும்போது பின்னால் காலடி ஓசை. கதை முழுதும் ‘நான்’ என்றே நகர்ந்தது. நன்றாக எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையால், ‘அவன் பெயரையும் சொல்லியிருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நோட்டைப் பார்த்தவள் மெல்லச் சொன்னாள்: “அவன் இல்ல டீச்சர். அது எங்கம்மா.”

மீண்டும் படித்தேன். ஆண் என்று ஒரு சொல்கூட இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது அது.

இதற்கு நம் இலக்கணத்திலேயே விளக்கம் இருக்கிறது. படர்க்கையில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனும் வினைமுற்றுகள் பாலைக் காட்டிவிடும். ‘வந்தார்’ காட்டாது. தன்மையில் ‘வந்தேன்’, முன்னிலையில் ‘வந்தாய்’ என்பனவும் காட்டா. பாத்திரத்தின் அடையாளத்தை மறைக்க விரும்பும் எழுத்தாளருக்கு ‘நான்’, ‘அவர்’, ‘உருவம்’ போன்ற சொற்கள் கைகொடுக்கின்றன. சொல்லாமல் விட்ட இடத்தை வாசகர் தம் பழக்கத்தால் நிரப்புகிறார்: படகென்றால் ஆண், அழுகையென்றால் பெண்.

மேல்வகுப்புகளுக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ நல்ல எடுத்துக்காட்டு. கதை சொல்பவர் ஓர் ஆண், எழுத்தாளர். வாசலுக்கு வந்த பிச்சைக்காரப் பெண்ணை அவர் மனைவி வீட்டோடு சேர்த்துக்கொள்கிறார். மனைவிக்கு அவள்மேல் நம்பிக்கை. கணவருக்கோ அவள் பேயோ என்ற அச்சம். அவள் யார் என்பதைக் கதை உறுதியாகச் சொல்வதில்லை. அவளை நாம் பார்ப்பது அவர் கண்வழியாகத்தான். “இதே கதையை மனைவி சொல்லியிருந்தால்?” என்று கேட்டுப் பாருங்கள்.

பேயை வரையச் சொன்னால் என் மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாகப் பெண்ணையே வரைகிறார்கள். ஆனால் இதே ஊரில்தான் ஆண்டுதோறும் ஆனி மாதம் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா எடுக்கிறோம். கணவர் விலகியபின் தம் அழகுடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். தம் பாடல்களிலும் அவர் தம்மைப் பேய் என்றே குறிப்பிடுகிறார். காஞ்சனைக்கு அந்தப் பெயர் பிறர் அச்சத்தில் பிறந்தது. அம்மையாருக்கோ அது தாமே ஏற்றது. அடையாளம் குறித்துப் பேச இதைவிட அருகில் வேறு சான்று வேண்டுமா?

வகுப்பில் இரு செயல்பாடுகள் செய்யலாம். ‘மருத்துவர் உள்ளே வந்தார், கதவு தானாக மூடியது’ என்று தொடங்கிக் கொடுத்து, மருத்துவருக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பின்பு, எழுதிய கதையில் ‘ஆன்’ விகுதியை ‘ஆள்’ என்றும், ‘ஆள்’ விகுதியை ‘ஆன்’ என்றும் மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரி உறுத்துகிறதோ அங்கே நின்று, “கதையில் எந்தச் சொல் உன்னை அப்படி நினைக்க வைத்தது?” என்று கேளுங்கள். பெண்ணை வீரமாகவும் ஆணை அழுபவனாகவும் மாற்றிவிட்டால் போதும் என்பதல்ல நோக்கம். அதுவும் இன்னோர் அச்சாகிவிடும். தாம் எதை வைத்து முடிவு செய்தோம் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தால் போதும்.

அந்த நோட்டில் என் சிவப்பு வரியை நானே அடித்தேன். “பேரு எழுதட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. படிக்கிறவங்க கண்டுபிடிக்கட்டும்” என்றேன்.