சங்கரதாசு சுவாமிகள்

சங்கரதாசு சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் இசை நாடக ஆசிரியரும் நடிகரும் ஆவார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுகிறார். தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவர், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் மறைந்தார்.

வாழ்க்கை

தந்தையிடமும் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். சிலகாலம் உப்பு நிறுவனமொன்றில் கணக்கராக இருந்து, 24ஆம் அகவையில் நாடகத்துறையில் நுழைந்தார். எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் வேடங்களில் பெயர்பெற்றார். இவரது வேடத்தைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்திக்குக் கருக்கலைந்தது என்றும், அதனால் மனம் வருந்தி நடிப்பைக் கைவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

நாடகங்கள்

அக்கால நடிகர்கள் மேடையில் தம் மனம்போனபடி வசனம் பேசுவது வழக்கம். சுவாமிகள் பாடல், வசனம் இரண்டையும் வரையறுத்து எழுதி, அவற்றைப் பிறழாமல் நடிக்கச் செய்ய முயன்றார். பெரியவர்கள் இதற்கு எளிதில் கட்டுப்படவில்லை. சிறுவர்களைக் கொண்ட பாலர் சபைகளை இவர் நாடியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. சண்முகமும் அவர்தம் சகோதரர்களும் இச்சபையில் பயின்றவர்கள்.

இங்கிலாந்தின் நகைச்சுவை இசை நாடகங்களுக்குக் கில்பர்ட் பாட்டெழுத, ஆர்தர் சல்லிவன் (1842-1900) இசையமைத்தார். சுவாமிகளோ பாட்டெழுதுதல், மெட்டமைத்தல், நடிப்புப் பயிற்றல் ஆகிய அனைத்தையும் தாமே செய்தார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அபிமன்யு சுந்தரி முதலியன இவர் இயற்றியவை. ஏறத்தாழ 68 நாடகங்கள் எழுதினார் என்பர்; பலவற்றின் பிரதிகள் கிடைக்கவில்லை. எனினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடைபெறுகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே அன்றிரவு கூடி நடிப்பர். அனைவரும் சுவாமிகளின் பாடல்களை மனப்பாடமாக அறிந்திருப்பதாலேயே இது இயல்கிறது. ஆனால், நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கத்தில் அவர் எழுதாத வசனங்களே மிகுதி!

இறுதிக்காலம்

1921இல் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சை இழந்தார். நாவினால் பாடம் சொல்லி வளர்த்த சபையுடன், பேச இயலாத நிலையிலேயே ஊர் ஊராகச் சென்றார். சபை புதுச்சேரியில் இருந்தபோது காலமானார்.

உருவங்கள்

மதுரை தமுக்கம் அருகே இவருக்குச் சிலை உள்ளது. மேடைக்கு வெளியே சுவாமிகள் எப்படி இருந்தார் என்பதை அறிய டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூல் பெரிதும் உதவும். சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அமைந்துள்ளது. நாடகக் கலைஞர்கள் அவரது நினைவுநாளில் அங்குக் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.