முதலீட்டுச் சட்ட நூலைத் தெரிதல்

பங்கு, கடன்பத்திரம் முதலிய முதலீட்டுப் பத்திரங்களை ஆளுஞ் சட்டத்தைக் கற்கப் புகும் மாணவன் எந்நூலை வாங்குதல் தகும் என்னும் வினாவுக்குத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினன் விடை கூறப் புகுதல் சிலர்க்கு வியப்பாய்த் தோன்றலாம். ஆயினும் நூலின் குணகுற்றம் ஆராய்தல் எம்மவர்க்குப் பழந்தொழில். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என வகுத்துள்ளார். அன்றியும், இங்குப் பட்டம் பெற்றபின், 1979-இல் நிறுவப்பெற்ற மதுரை அரசு சட்டக் கல்லூரியை நாடிச் செல்வோர் நம்முள் உளர். அவர்களை முன்னிட்டே இதனை எழுதலானேன்.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரொன்றிலிருந்து ஒருவன் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தானாயின், கறுப்பு அங்கி அணியுமுன்னரே அவன் தன் தெருவுக்கு வக்கீலாகிவிடுகின்றான். விடுமுறையில் வீடு சென்றால், மாமன் ஒருவர் மஞ்சட்பையினின்று அச்சிட்ட தாளொன்றை எடுத்து, “இஃது என்ன பத்திரம், பார்த்துச் சொல் மாப்பிள்ளை” என்று நீட்டுவார். நெல் விற்ற பணமோ, மகள் கலியாணத்துக்கென வைத்திருந்த பணமோ அத்தாளாக மாறியிருக்கும். அது நிலக்கிரயமெனின் வழி வேறு. வைப்புத் தொகையெனின், 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கென மதுரையில் அமைந்த தனி நீதிமன்றமும் உள. கூட்டு முதலீடெனின், 1988-இல் தோன்றி 1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற செபி வாரியத்தை நாடல்வேண்டும். வாயிலை மாறித் தட்டினால் காலங் கழியும். காலங் கழியக் கழியப் பணமுங் கரையும். ஆதலின், எத்தாள் எவ்வகைப் பத்திரம் என்று இனங்காணக் கற்பிக்கும் நூலே முதற்கண் வாங்கத்தக்கது. ஏனைச் சிறப்புக்களெல்லாம் அதற்குப் பின்னரே.

இத்துறை நூல்கள் பெரும்பாலும் மூவகைப்படும். பிரிவுகளை மட்டும் அச்சிட்ட சட்ட மூலம் ஒன்று. பிரிவுதோறும் விளக்கம் வரைந்த உரைநூல் மற்றொன்று. வழக்கின் வரலாற்றையுந் தீர்ப்பையும் தொகுத்து, இடையிடையே வினா எழுப்பும் தீர்ப்புத் திரட்டு பிறிதொன்று. ஹார்வர்டுப் பேராசிரியர் லாங்டெல் ஒப்பந்தச் சட்டத்துக்கென 1871-இல் வெளியிட்ட திரட்டே இம்மூன்றாம் வகைக்கு வழிகாட்டி. தீர்ப்புக்களின் அருமையை அறிந்தோர் நம் நாட்டிலும் அதற்கு முன்னரே இருந்தனர். பின்னாளிற் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை, சதர் நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். யான் இம்மூன்றாம் வகையையே விரும்புவேன். சட்ட மூலம் மட்டும் கற்றவன், எடுத்துக்காட்டின்றிச் சூத்திரத்தை நெட்டுருச் செய்தவனை ஒப்பான். அவனுக்கு விதி தெரியும். சொல் எதிர்ப்படும்போது அவ்விதிக்கு உரியது இதுவே என்பது தெரியாது.

பத்திரம் என்பது யாது என்பதற்கு, 1956-ஆம் ஆண்டுப் பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதனை எத்தனைமுறை படிப்பினும் தேக்குமரம் அதிற் காணப்படாது. இங்கேதான் வழக்குக்கள் துணைபுரிகின்றன. அமெரிக்காவில், புளோரிடா மாகாணத்தில், ஹவி கம்பெனியார் ஆரஞ்சுத் தோட்டத்தை வரிசை வரிசையாக வகுத்து விற்றனர். வாங்கினோருட் பலர் வெளியூரார். மரத்தைப் பேணுதல், பழம் பறித்தல், விற்றல் ஆகியவற்றை அக்கம்பெனியைச் சார்ந்த மற்றொரு நிறுவனமே ஏற்றது. பலருடைய பணம் ஒரே தொழிலிற் சேர்கின்றது. இலாபமோ பிறர் உழைப்பினால் வருகின்றது. ஆதலின் பெயரளவில் நிலவிற்பனையாயினும் இஃது உண்மையில் முதலீட்டு ஒப்பந்தமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1946-இல் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டு கழிந்து நம் நாட்டில் ஆரஞ்சு தேக்காயிற்று! சென்னையில் 1992-இல் தோன்றிய அநுபவ் பிளாண்டேஷன்ஸ், தேக்குமரத் திட்டங்களைக் காட்டிப் பொதுமக்களிடம் பணம் திரட்டி 1998-இல் வீழ்ந்தது. மறு ஆண்டிலேயே கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிகள் பிறந்தன. செபி சட்டத்தில் 11-அஅ என்னும் பிரிவுஞ் சேர்ந்தது. பணம் ஒருங்கே திரட்டப்படுதல், ஊதியங் கருதிக் கொடுத்தல், நிர்வாகம் பிறர் கையதாதல், கொடுத்தவர்க்கு அன்றாட அதிகாரம் இன்மை என்பன அப்பிரிவு கூறும் அடையாளங்கள். வேளாண் நிலத்தை விற்றுப் பண்படுத்தித் தருவதாகக் கூறிய பி.ஜி.எப். நிறுவனத்தின் வழக்கில், அப்பிரிவு செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2013-இல் முடிவுசெய்தது. இத்தோட்டங்களை அடுத்தடுத்து வைத்து ஒற்றுமை வேற்றுமைகளை வினவும் நூலைப் பயின்றவன், நாளை அதுவே ஆட்டுப்பண்ணை என்று பெயர் மாறி வரினும் மயங்கான்.

நன்னூலார் கூறிய குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் இத்துறையில் மிகுதி. இலண்டன், நியூயார்க்கு நகரத்துப் பங்குச்சந்தை வரலாற்றுக்கே நூறு பக்கத்தைச் செலவிட்டு, உள்ளறிவு வணிகத்தைப் பத்துப் பக்கத்தில் முடித்துவிடும் நூலாற் பயன் யாது? ஒரு நூலைக் கையிலெடுத்தால் இவ்வினாவை வைத்துச் சோதிக்கலாம். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் நிறுவிய பேங்க் ஆப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஒரு பங்குக்கு இரு பங்கு என்பது ஏற்பாடு. இத்தகைய இணைப்பொன்று வெளியாகுமுன் அதனை அறிந்த எழுத்தர் ஒருவர் தம் மைத்துனனுக்குச் சொல்ல, அவன் பங்கு வாங்கினான் என்று கற்பனை செய்க. குற்றம் யாருடையது, வாயைத் திறந்தவனதா, வாங்கினவனதா, இருவரதுமா? இதற்கு விடை காணும் வழியை எப்பக்கத்தில் நூல் காட்டுகின்றது என்று பொருளகராதியிற் பார்த்துக்கொள்க.

பழைய பதிப்பு மலிவாய்க் கிடைப்பினும் எச்சரிக்கை வேண்டும். ஐம்பதின்மர்க்கோ அதற்கு மேற்பட்டோர்க்கோ பத்திரம் வழங்க முன்வந்தால் அது பொது வெளியீடே என்பது 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் விதி. சகாரா நிறுவனங்கள் இரண்டும் முதலீட்டாளர் பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவேண்டுமென 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அதன்வழியே. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வெண் ஓராண்டுக்கு இருநூறாயிற்று. உள்ளறிவு வணிகத்துக்கான 1992-ஆம் ஆண்டு விதிகளும் 2015-இல் மாற்றம் பெற்றன. அட்டையின் அழகுக்கு முன்னர்ப் பதிப்பாண்டைப் பார்த்தல் நன்று.

அமெரிக்கத் திரட்டுகள் சுவைமிக்கனவே. ஆயினும் அவை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் இயற்றிய சட்டங்களை அடியொற்றியவை. நூலகத்திலிருந்து பெற்றுப் படித்தால் அமையும். செபியின் சட்டமும் விதிகளும் அவ்வாரியத்தின் இணையத்தளத்திலேயே விலையின்றிக் கிடைக்கின்றன. ஆதலின், ஒரு நூலுக்கே பணமுள்ள மாணவன் அதனைச் சட்ட மூலத்தின்மீது செலவிடாது, இந்திய வழக்குக்கள் நிறைந்த திரட்டின்மீது செலவிடுக.