கரிசல் சக்கரம் – 7: ஆடிக்காற்றும் அண்ணா பந்தயமும்

ஆனி பிறந்துவிட்டால் வெம்பக்கோட்டைப் பக்கம் சைக்கிள் பந்தயத்துக்குப் பழகுகிறவர்களுக்கு மலைச்சாலை தேவையில்லை. காற்றே போதும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று சங்கரன்கோவில், கழுகுமலை, கயத்தாறு என்று கரிசல்காடு முழுவதும் தடையில்லாமல் வீசும். அந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். வெம்பக்கோட்டையைத் தாண்டித் திருவேங்கடம் சாலையில் தென்மேற்கே திரும்பினால், முன்னால் ஓர் ஆள் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். சாலையோரம் மரம் குறைவு. ஒதுங்க இடம் கிடையாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் காற்றை விலக்கவே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை மீறிப் போக வேண்டிய சக்தி எட்டு மடங்கு. 15 கி.மீ. வேக எதிர்க்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போகும் பையன், காற்றில்லாத நாளில் ஏறத்தாழ 28 கி.மீ. வேகத்தில் போகிறவனின் உழைப்பைக் கொடுக்கிறான். "ஸ்பீடே வரலண்ணே" என்று முகம் வாடி வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். ஆடி மாதத்தில் கடிகாரத்தையும் கிலோமீட்டரையும் பார்க்கவே கூடாது. எவ்வளவு நேரம் விடாமல் மிதித்தோம் என்று பார்த்தால் போதும்.

போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று என்று வழியை வைத்துக்கொள்வது நல்லது. உடம்பில் தெம்பு இருக்கும்போது கால் பலத்துக்குப் பயிற்சி; திரும்பும்போது கால் வேகத்துக்குப் பயிற்சி. மாற்றி வைத்துக்கொண்டால், காற்று தள்ளிவிட்ட உற்சாகத்தில் தூரம் தெரியாமல் போய்விட்டு, களைத்த நேரத்தில் வீடு திரும்ப முடியாமல் திண்டாட வேண்டிவரும்.

காற்று விடிகாலையில் தணிந்திருக்கும், வெயில் ஏற ஏறத்தான் பிடிக்கும். காற்று பிடிக்கட்டும் என்று காத்திருக்க இந்தப் பகுதியில் வழியில்லை. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, ஆலங்குளம் என்று எல்லாச் சாலைகளிலும் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். தீபாவளி நெருங்க நெருங்க சரக்கு லாரிகளும் சேர்ந்துகொள்ளும். நாலரை மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாலை கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

இத்தனை பாடும் பெரும்பாலும் ஒரே ஒரு காலைப்பொழுதுக்காக. அறிஞர் அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். பையன்களுக்கு 15 கி.மீ. அல்லது 20 கி.மீ.; பெண்பிள்ளைகளுக்கு 10 கி.மீ. அல்லது 15 கி.மீ. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்காவதிலிருந்து பத்தாவது வரை வருகிறவர்களுக்கு ஆளுக்கு 250 ரூபாய். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். கியர் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும், அப்பாவின் பழைய ஹெர்குலிஸை எடுத்து வரும் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்க முடிவது இந்த ஒரு பந்தயத்தில்தான்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் சைக்கிள் கடையில் நின்று பார்த்தால் தெரியும், இந்தப் பிள்ளைகள் இதை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று. ஒரு பையன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாத்தையும் கழட்டிருங்க. வெயிட்டு குறையும்."

"கழட்டித் தாரேன் தம்பி. முதல்ல பின் வீலைப் பாரு. கோட்டமாக் கிடக்கு. பிரேக் கட்டை உரசிக்கிட்டே வருது. இதை வச்சுக்கிட்டு வெயிட்டைக் குறைச்சு என்ன செய்யப் போற?"

கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை ஆடாமல் பிடித்தார். கோட்டமான இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது. அந்த இடத்துப் போக்ஸ் கம்பிகளை ஒரு பக்கம் முறுக்கி, மறுபக்கம் தளர்த்தி, மறுபடி சுற்றிவிட்டார். கோடு சிறிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் விழவே இல்லை. பிறகு அச்சைக் கழற்றிக் கறுத்துப்போன கிரீஸை வழித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசிப் புதுக் கிரீஸ் வைத்தார். பெடலையும் பிரீவீலையும் காதருகே வைத்து ஒருமுறை சுற்றிக் கேட்டார். மட்கார்டைக் கழற்றியது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். சமதரைப் பந்தயத்தில் இரண்டு கிலோ எடை குறைவதைவிட, உரசாமல் சுற்றும் சக்கரம் கொடுக்கும் லாபம் அதிகம்.

சீட் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளில் பலர் தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்தே ஓட்டிப் பழகியவர்கள். முழங்கால் மடிந்தே இருப்பதால் தொடையின் முழு பலமும் பெடலுக்கு வராது. நாள்பட்டால் முட்டியும் வலிக்கும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானே வந்துவிடும். அளவுகோல், கருவி எதுவும் வேண்டாம்.

கியர் இல்லாத சைக்கிளில் வேகம் என்பது முழுக்கக் கால் சுற்றும் கணக்கு. முன்பல் 44, பின்பல் 18, சக்கரம் 28 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று வந்தால் சைக்கிள் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26 கி.மீ.; 90 சுற்று என்றால் 29. பந்தயத்தின் முடிவு இந்தப் பத்துச் சுற்றில் இருக்கிறது. ஆடிக்காற்றில் திரும்பி வரும்போது 100, 110 என்று சுற்றிப் பழகிய கால்களுக்கு செப்டம்பரில் 90 சுற்று கைவந்த பழக்கமாக இருக்கும். இன்னொன்று: முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் எதிர்ப்பில் கணிசமான பங்கு குறையும். கடைசி ஒரு கிலோமீட்டர் வரை அப்படிப் போய்விட்டுப் பிறகு வெளியே வருகிறவர்தான் அநேகமாக முதலில் வருகிறார். ஆனால் கூட்டமாகப் போய்ப் பழகாத பிள்ளைகள் இதை முதன்முதலாகப் பந்தய நாளில் முயன்றால் சக்கரம் சக்கரத்தில் தட்டி மொத்தமாக விழுவார்கள். இரண்டு பேராக, வெறிச்சோடிய சாலையில் பல வாரம் பழகிய பிறகே செய்ய வேண்டிய வேலை இது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாசகர்கள் அதிகம் கேட்டதும் இதைப் பற்றித்தான்.

20 கி.மீ. பந்தயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து, கடுமையாக மிதித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். ஆகவே தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. முந்தின இரவு வயிறாரச் சோறு, காலையில் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவு போதும். வெறும் வயிற்றோடு வருவதுதான் ஆபத்து. அப்படி வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் கதை வேறு. சேமிப்பு தீர்ந்ததும் கை நடுங்கும், கண்ணைக் கட்டும், சமதரைகூட ஏற்றமாகத் தெரியும். அது வந்தபிறகு சாப்பிட்டு மீள்வது கடினம். ஆகவே பசிக்குமுன், முதல் அரைமணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நகரத்துச் சைக்கிள்காரர்கள் ஜெல் பாக்கெட் வாங்குகிறார்கள். ஒரு பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் அதே அளவு இருக்கிறது. கருப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பாதி பாதியாகப் பிரிகிறது. இரண்டும் வெவ்வேறு வழியாக உடம்பில் சேர்வதால், வெறும் குளுக்கோஸைவிட அதிக அளவை வயிறு ஏற்றுக்கொள்ளும். விலை உயர்ந்த பானங்களில் இந்த இரண்டையும் கலந்து விற்பதன் ரகசியம் இதுதான். ஒரு கருப்பட்டியை உடைத்துத் துணியில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பயணத்தின் முதல் பாதிக்கு நல்லது. கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும் என்பதால், வேகம் கூட்டும் நேரத்தில் வேண்டாம். சாத்தூர் காராச்சேவு உப்புக்கு ஆசைகாட்டும். ஆனால் எண்ணெயும் காரமும் வயிற்றைப் புரட்டிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதுபோலத்தான். இரண்டையும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இந்த ஊர் வெயிலில் தண்ணீரைவிட உப்புதான் கவலை. சைக்கிள் மிதிக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது இங்கே சாதாரணம். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போகும். உப்புப் போட்ட நீராகாரம், மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் நம்பகமானது: ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். ஆனால் அந்தச் சர்க்கரை மிதிக்கப் போதாது. கூடவே பழம் வேண்டும்.

நெடுநேரம் மிதிப்பதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபது எண்பதுகளில் ஊர்ப்பொட்டலில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் சுற்றிய கலைஞர்களைப் பெரியவர்கள் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் ஓடும் சைக்கிளிலேயே. அவர்களின் சட்டையில் ஊரார் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். நெடுந்தூரச் சைக்கிளோட்டத்தின் முன்னோடிகள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

இனி, என் மனதை உறுத்துகிற விஷயம். தமிழ்நாடு அரசு 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விலையில்லா மிதிவண்டி தருகிறது. 11-ஆம் வகுப்பு என்றால் வயது 16. அண்ணா பந்தயத்தின் கடைசிப் பிரிவு 17 வயதுக்குட்பட்டோர். வீட்டில் சைக்கிள் இல்லாத பிள்ளைக்கு அரசு சைக்கிள் கைக்கு வரும் நேரத்தில், பந்தயக் கதவு மூடும் நிலையில் இருக்கிறது. அதிகம் போனால் ஒரு செப்டம்பர். அதன்பின் தொடர விரும்பினால் மாநில, தேசியப் போட்டிகள் இருக்கின்றன. அவை விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளும் பயிற்சியாளரும் கேட்பவை. ஓட்டப்பந்தயக்காரனுக்குத் திடல் இருப்பதுபோல் சைக்கிள்காரனுக்கு வேண்டிய வெலோட்ரோம், சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்துத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி தேசியப் பதக்கங்கள் வென்ற ஜெ. ஸ்ரீமதி போன்றவர்கள் இந்தத் தூரத்தைத் தாண்டிக் காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அது முடியாது.

வயது தாண்டியவர்களுக்கு மிச்சமிருப்பது பிரெவே என்னும் நெடும்பயணங்கள். பாரிஸில் உள்ள ஒரு சங்கத்தின் விதிப்படி உலகெங்கும் நடப்பவை. நம் மாநிலத்தில் சென்னை, கோவைச் சங்கங்கள் நடத்துகின்றன. 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேலங்கி கட்டாயம். அதன் பருவம் நவம்பர் 1-இல் தொடங்குகிறது. பட்டாசு ஆலைகள் தீபாவளி முடிந்து சில வாரம் மூடிக் கிடக்கும் காலமும் அதையொட்டித்தான் வருகிறது. ஆலைத் தொழிலாளியாக இருக்கும் சைக்கிள்காரனுக்கு ஆண்டில் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். ஆனால் ஓய்வு இருக்கும்போது கூலி இருக்காது. கோவைக்குப் போய் வரும் செலவு யோசிக்க வைக்கும்.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. அண்ணா பிறந்த நாளை ஒட்டி அதே ஆணையம் நடத்தும் மாரத்தான் ஓட்டத்தில் 17 முதல் 25 வயது, 25 வயதுக்கு மேல் என்று பிரிவுகள் இருக்கின்றன. ஓடுகிறவர்களுக்கு வைத்திருக்கும் அதே பிரிவுகளைச் சைக்கிளுக்கும் வைக்க வேண்டும். அதே சாதாரண சைக்கிள், அதே விதி. தூரத்தை 30, 40 கிலோமீட்டராக்கலாம். ஏற்கெனவே போலீஸ், ஆம்புலன்ஸ், நடுவர்கள் என்று எல்லோரும் வந்து நிற்கும் சாலைதான். இன்னும் ஒன்றரை மணி நேரம் திறந்து வைத்தால் போதும். விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் விளையாட்டு ஆணையமும் அடுத்த செப்டம்பருக்குள் இதைப் பரிசீலிக்க வேண்டும். இந்தப் பகுதிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் இதைக் கோரிக்கை மனுவாக எழுதி அனுப்பினால், கையெழுத்திட முதல் ஆளாக வருகிறேன்.

(தொடரும்)