உல்லாசப் பூங்காவுக்கு எந்த லென்ஸ்? ஒன்றே போதும்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுனாபட்டி வீடுகளில் பிள்ளைகளின் நச்சரிப்பும் தொடங்கிவிடும்.

"அப்பா, இமேஜிகாவுக்கு எப்பம்ப்பா கூட்டிட்டுப் போவீங்க?"

போனஸ் பணமோ சீட்டுப் பணமோ கைக்கு வந்ததும் தகப்பனார் தலையசைப்பார். நுழைவுக் கட்டணம், சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்தால் சிறிய தொகை அல்ல. மறுபடி எப்போது போக முடியும் என்று சொல்ல முடியாது. ஆகவே போட்டோ முக்கியம். ஊரில் இருக்கும் பாட்டி, தாத்தாவுக்கு அந்தப் போட்டோதான் உல்லாசப் பயணம்!

மூன்று லென்ஸ், மூன்று கிலோ

சுனாபட்டி ரயில் நிலையம் அருகே வசிக்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நண்பரிடம் கேமராவை இரவல் வாங்கினார். மூன்று லென்ஸ்களும் கிடைத்தன. பையின் கனம் 3 கிலோ. குர்லாவில் இறங்கி, கர்ஜத் பக்கம் போகும் ரயிலில் கூட்டத்தோடு ஏறி, 6 பேர் கொண்ட குடும்பம் கோபோலி போய்ச் சேர்ந்தது.

நீளமான லென்சை மாட்டியிருந்தபோது பிள்ளைகள் பக்கத்தில் ஓடிவந்தார்கள். பாதி முகம்தான் விழுந்தது. லென்சை மாற்றி முடிப்பதற்குள் மாலை ஊர்வலம் கடந்து போய்விட்டது. மற்றவர்கள் ராட்டினத்தில் ஏறியபோது, அவர் பைக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

படங்களைச் செல்போனில் பார்த்த தாயார் ஊரிலிருந்து கேட்டார்: "எல்லாரையும் பார்த்தாச்சு. நீ எங்கய்யா இருக்க?"

தூரம்தான் கணக்கு

1989-ல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு திறக்கப்பட்ட காலத்தில் இந்தத் தொல்லை பலருக்கு இல்லை. சின்னக் கேமரா, மாற்ற முடியாத ஒரே லென்ஸ், ஒரு சுருளில் 36 படம். அவ்வளவுதான். 2013-ல் கோபோலி அருகே இமேஜிகா வந்தபோது டிஜிட்டல் கேமராவும் விதவிதமான லென்சும் கடைகளில் குவிந்துவிட்டன. எதை எடுப்பது என்பதே குழப்பம்.

லென்சின் மேல் 18-55, 55-200 என்று மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்கும். சின்ன எண் அகலக் காட்சிக்கு. பெரிய எண் தூரக் காட்சிக்கு.

சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 18 மி.மீ. வைத்து 3 மீட்டர் தூரத்தில் நின்றால், 3 மீட்டருக்கு மேல் அகலம் விழும். ஆறு பேர் தோளோடு தோள் நிற்கலாம். அதே ஆறு பேரை 50 மி.மீ. லென்சில் பிடிக்க ஆறரை மீட்டராவது பின்னால் போக வேண்டும். பூங்காக் கூட்டத்தில் நடுவே பத்துப் பேர் குறுக்கே போவார்கள்!

ஆனால் 18 மி.மீட்டரில் ஓரமாக நிற்பவரின் முகம் சற்று இழுபட்டுத் தெரியும். ஓரங்களில் இடம் விட்டு நடுவில் நெருங்கி நிற்பதே வழி.

இமேஜிகாவின் 'நைட்ரோ' ரோலர் கோஸ்டர் சுமார் 40 மீட்டர் உயரம். அத்தனை தூரத்தில் இருக்கும் பிள்ளையின் முகம் தெரிய 200 மி.மீ. வேண்டும். வேகமும் முக்கியம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி 1/100 நொடியில் சுமார் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கிவிடும். 1/1000 நொடி வைத்தால் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு.

இந்த இரண்டு வேலையையும் 18-135 அல்லது 18-200 ஜூம் லென்ஸ் ஒன்றே ஓரளவு செய்துவிடும். கழற்றி மாட்டும் வேலை இல்லை. கேமராவுக்குள் தூசி புகும் பயமும் இல்லை.

இருட்டில் என்ன செய்வது?

ஜூம் லென்சுக்கு இருட்டு ஆகாது. லென்ஸ் மேல் உள்ள எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் புகும். எஃப் 5.6-ஐ விட எஃப் 1.8-ல் சுமார் 10 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இரவு விளக்குகளின் கீழ் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கையடக்கமானது, கனம் இல்லை. இருட்டு அரங்குகளில் பிளாஷ் அடிப்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

செல்போன் மட்டும் உள்ளவர்கள் வருந்த வேண்டாம். குடும்பப் படத்துக்கு அதுவே போதும். ஆனால் தூரத்தில் இருப்பதை விரலால் விரித்துப் பெரிதாக்கினால், பெரும்பாலும் படம் மங்கும்.

வாங்குமுன் கவனிக்க

மும்பையில் கேமராச் சாமான்களுக்குக் கோட்டைப் பகுதியின் போரா பஜார் பேர்போன இடம். பழைய லென்ஸ் வாங்குவோர் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை; வாங்கக் கூடாது. மும்பை மழைக்கால ஈரம் அதை வளர்த்துவிடும். ஒரு நாள் பயணத்துக்கு வாடகை லென்சே லாபம். கேமரா குறித்த பூங்கா விதிகளையும் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிறு என்றால் ரயில் மெகா பிளாக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்!

அடுத்த விடுமுறையில் அந்த நெல்லைக்காரர் ஒரே ஒரு ஜூம் லென்சுடன் போனார். முதலில் ஒரு திண்டின் மேல் கேமராவை வைத்து, 10 நொடி டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்றார். பிறகு கேமராவை லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு ராட்டினத்தில் ஏறினார்.

அந்தப் படம் இப்போது ஊர் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. ஆறு பேரும் இருக்கிறார்கள். ஓரத்தில் நிற்பதால் அவர் முகம் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. தாயாருக்கு அது குறையாகத் தெரியவில்லை.