துடுப்போடு வருபவரும் வாடிக்கையாளர்தான்

கடந்த பருவ காலத்தில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் நான் விற்ற ரெசின் தகரம். முகத்தில் கோபம்.

“காக்கா, நீங்க தந்த ரெசின் பழுது. வெள்ளைக்காரன்ட பலகையத் தின்னுட்டு. இப்ப அவர் காசு கேக்கிறார்” என்றார்.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நான் ஹாட்வெயார் வியாபாரம் செய்கிறேன். மீன்பிடிப் படகு செய்பவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் ரெசின் விற்பது எனக்குப் பழக்கமான தொழில். அதே சரக்கில் அதே வாரம் படகு திருத்திய எவரும் குறை சொல்லி வரவில்லை. எனவே, “என்ன பலகை தம்பி அது?” என்று கேட்டேன்.

“அதான் காக்கா, நின்டுகிட்டு துடுப்பு வலிப்பாங்களே, அந்தப் பலகை. நமக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. ஓட்டை விழுந்திட்டு எண்டு கொண்டு வந்தார், அடைச்சுக் குடுத்தேன்.”

விசயம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. “நமக்கு அதெல்லாம் கணக்கே இல்ல.”

ரெசினின் மேல் பிழை இல்லை

வழமையான அலைச்சறுக்குப் பலகைகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பொலியூரித்தேன் என்ற கெட்டி நுரை. அதன் மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, படகுக்குப் பூசும் அதே பொலியெஸ்டர் ரெசினைப் பூசலாம். நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகை மிகப் பெரியது. பத்து, பதினொரு அடி நீளம். முப்பது அங்குலத்துக்கும் கூடிய அகலம். பாரத்தைக் குறைப்பதற்காக அதன் உள்ளே பெரும்பாலும் பொலிஸ்டைரின் நுரையை வைக்கிறார்கள். நாம் ரெஜிஃபோம் என்று சொல்லும் பொருளின் உறவு அது. பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரின் என்ற திரவம் கலந்திருக்கிறது. அது பட்டால் ரெஜிஃபோம் வெந்நீரில் போட்ட சீனி மாதிரிக் கரைந்துவிடும். அந்தப் பலகைகளுக்கு எப்பொக்ஸி ரெசின்தான் பூச வேண்டும்.

கடைப் பின்புறம் கிடந்த பழைய ரெஜிஃபோம் துண்டு ஒன்றை எடுத்து, அதே தகரத்திலிருந்து இரண்டு சொட்டு ஊற்றிக் காட்டினேன். பள்ளம் விழுந்தது. தம்பி பேசாமல் நின்றார்.

அந்தப் பலகையின் சொந்தக்காரர் ஐம்பதைத் தாண்டிய ஒரு ஜேர்மன்காரர். பல வருடங்களாக ஒவ்வொரு பருவத்திலும் வந்து, பலகையை ஹோட்டலிலேயே விட்டுச் செல்பவர். தம்பி அவருக்கு நட்டஈடு கொடுத்தார். அவர் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

கடை கடையாகப் பார்த்தது

இதை அறிந்துகொள்ளும் ஆவலில் மறுவாரம் பொத்துவிலுக்குப் போன வேளையில் உல்லைக் கடற்கரையில் அரை நாள் செலவிட்டேன். எனக்கும் அந்த ஜேர்மன்காரரின் வயதுதான். துடுப்புப் பலகை ஒன்றை வாடகைக்கு எடுக்க விரும்புகிறவனைப் போல் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

ஒரு கடையில் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே “இல்லை” என்றார்கள். சுவரில் சாய்த்தபடி ஒன்று நின்றது. இன்னொரு கடையில், “அது வயசாளிகளுக்கு. நீங்க சேர்ஃப் படிங்க” என்றார்கள். என் தாடியைப் பார்த்தும் அதைச் சொன்னது அவர்களின் பெருந்தன்மை. மூன்றாவது கடையில் பலகையைத் தந்தார்கள். துடுப்பு என் தோள் உயரத்துக்குத்தான் இருந்தது. ஆளின் உயரத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாதாரணக் கணக்கு. காற்று எப்படி, எங்கே போகக் கூடாது, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. காசை மட்டும் எண்ணி எடுத்தார்கள்.

நான்காவது கடையில் ஓர் இளைஞர், “சேர், நீந்தத் தெரியுமா? முழங்கால் வருத்தம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். பிறகு, “இப்ப காத்து எழும்பிட்டு. நாளைக்கு விடிய ஆறு மணிக்கு வாங்க, கடல் தகடு மாதிரி இருக்கும்” என்றார். வந்த வியாபாரத்தை அவர் திருப்பி அனுப்பினார். ஆனால் நான் உண்மையான வாடிக்கையாளனாக இருந்திருந்தால், மறுநாள் விடிய அங்கேதான் போயிருப்பேன்.

ஏன் இந்த இளக்காரம்?

கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் பக்கத்தையும் பார்ப்பதுதான் நியாயம். அறுகம்பேயின் பலகைக் கடைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாங்களே அலைச்சறுக்குக்காரர்கள். கடலில் அவர்களுக்கு ஒரு வரிசை முறை உண்டு. அலைக்காகக் காத்திருந்தவன்தான் அதைப் பிடிக்க வேண்டும். பலகையில் நிற்பவருக்கு அலை தூரத்திலேயே கண்ணுக்குப் பட்டுவிடும். கையில் துடுப்பும் இருப்பதால், படுத்துக் கையால் வலிப்பவர்களுக்கு முன்பே அவர் அதைப் பிடித்துவிடுவார். பதினொரு அடிப் பலகை ஒன்று கூட்டத்துக்குள் புரண்டால் தலை உடையும். ஆகவே கூட்டம் நிறைந்த மெயின் பொயின்ட் அலையில் துடுப்புப் பலகை வேண்டாம் என்று சொல்வது சரியான பேச்சுத்தான்.

ஆனால் “அங்கே போக வேண்டாம்” என்பது வேறு, “இங்கே வர வேண்டாம்” என்பது வேறு. கடலில் உள்ள பகையைக் கடைக்குள் கொண்டுவந்தால் நட்டப்படுவது கடைதான்.

அலைச்சறுக்கின் தாய்வீடான ஹவாய்த் தீவுகளிலேயே இந்தப் பலகைக்கும் வேர் உண்டு. வைக்கீக்கிக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்றுவித்தவர்களில் சிலர், மாணவர்களைக் கண்காணிக்கவும் படம் பிடிக்கவும் நீண்ட பலகையில் நின்றபடி துடுப்பு வலித்தார்கள். 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லெயார்ட் ஹமில்டன், டேவ் கலாமா போன்ற பெயர்பெற்ற சறுக்கு வீரர்கள் அதைக் கையில் எடுத்த பின்புதான் உலகெங்கும் பரவியது.

மேல்நாட்டிலும் பல சேர்ஃப் கடைகள் இதை இளக்காரமாகவே பார்த்தன. அதற்குள் காற்றடித்து ஊதும் பலகைகள் வந்தன. ஏறக்குறைய கார் டயரில் பாதியளவு அழுத்தத்துக்குக் காற்றடித்தால் கல் மாதிரி விறைத்து நிற்கும். காற்றைத் திறந்தால் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். அமெரிக்காவில் கொஸ்ட்கோ, ஐரோப்பாவில் டெக்கத்லோன், அல்டி, லிட்ல் என்று அரிசி, பால், சப்பாத்து விற்பவர்கள்கூட இந்தப் பலகையை அடுக்கி விற்றார்கள். கடற்கரைக் கடை மதிக்காத வாடிக்கையாளரைப் பல்பொருள் அங்காடி வரவேற்றது.

யார் இந்த வாடிக்கையாளர்?

அலைச்சறுக்குப் படிக்க வரும் இளைஞர் மலிவான அறை தேடுவார். துடுப்புப் பலகை கேட்டு வருபவர்களில் பலர் நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள். மனைவி, மக்களோடு வருபவர்கள். மகன் அலைச்சறுக்குப் பயிற்சிக்குப் போனால் தந்தை என்ன செய்வது? அவருக்கு ஒரு பலகை கொடுத்தால் குடும்பமே அந்தக் கடையின் வாடிக்கை. அலை இல்லாத நாளில் அலைச்சறுக்குப் பலகைகள் சுவரில் சாய்ந்து தூங்கும். அதே நாள் துடுப்புப் பலகைக்குப் பொன்னான நாள்.

அறுகம்பேயின் பருவம் ஏப்ரல், மே தொடக்கம் ஒக்டோபர் வரைதான். அந்த ஆறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். 2004 டிசம்பரில் சுனாமி அந்தக் கரையைத் துடைத்துப் போட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளோடு பருவம் தொடங்கும் நேரத்திலேயே அறைகள் வெறிச்சோடின. 2020 இல் கொரோனா. 2022 இல் பெற்றோல் வரிசை. இத்தனை அடி வாங்கிய ஊரில், ஒரேவகை வாடிக்கையாளரை மட்டும் நம்பி இருப்பது புத்தியா என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்க வேண்டும்.

காசுக்கு மேலான பொறுப்பு

துடுப்புப் பலகையை வாடகைக்குக் கொடுப்பது சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பது மாதிரி அல்ல. நமது கிழக்குக் கரையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத்தில் கடல் அமைதியாகத் தெரியும். பலகையில் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் உடம்பு பாய்மரம் போல் காற்றைப் பிடிக்கும். பழக்கமில்லாதவர் அரைமணி நேரத்தில் திரும்ப முடியாத தூரம் போய்விடுவார். முழங்காலில் இருந்து வலிக்க வேண்டும், முடியாவிட்டால் படுத்துக் கையால் வலிக்க வேண்டும், பலகையை ஒருபோதும் கைவிடக் கூடாது என்று அவருக்கு யார் சொல்வது? மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பிறப்பிலேயே தெரியும். பேர்லினில் இருந்து வருபவருக்குத் தெரியாது.

களப்புக்குள் போனால் வேறு ஆபத்து. 2017 செப்டெம்பரில் எலிபன்ட் ரொக் பகுதிக் களப்போரம் பிரித்தானிய இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்று அவர் உயிரிழந்தார். எந்தக் களப்பில் எந்தப் பக்கம் போகலாம் என்பதை அறிந்தவர்கள் அங்கேயே வள்ளம் ஓட்டும் மீனவர்கள்தான். பொத்துவில் களப்பில் கண்ணாக் காட்டைச் சுற்றிக் காட்டுவதை அவர்கள் ஏற்கனவே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எந்தக் கடையும் களப்புக்குப் பலகை அனுப்பக் கூடாது.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் நடந்ததையும் நம்மவர் அறிய வேண்டும். 2021 ஒக்டோபரில் ஹவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரத்து ஆற்றில் ஒரு நிறுவனம் துடுப்புப் பலகைக் குழு ஒன்றை அழைத்துச் சென்றது. மழையால் ஆறு பெருகி ஓடியது. வழியில் இருந்த தடுப்பணையில் சிக்கி நால்வர் இறந்தார்கள். அணையின் ஆபத்து பற்றி வந்தவர்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. நிறுவனத்தை நடத்தியவருக்கு 2025 இல் நீதிமன்றம் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தது. சொல்ல வேண்டிய சில வார்த்தைகளைச் சொல்லாமல் விட்டதன் விலை அது.

செய்யக்கூடியவை

பலகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு எனது சிறு ஆலோசனைகள் இவை.

ஒன்று, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் யாரிடம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அனுப்பி வைத்தவரை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

இரண்டு, இரண்டு பலகை வைத்திருந்தாலும் நீளம் கூட்டிக் குறைக்கும் துடுப்பு, காற்பட்டி, உயிர்காப்பு அங்கி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். துடுப்பின் தட்டு முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். புதியவர்களில் பலர் அதைத் திருப்பிப் பிடிப்பார்கள். சிரிக்காமல் திருத்திக் கொடுங்கள்.

மூன்று, விடியற்காலையை இவர்களுக்கென்று வையுங்கள். காற்று எழும்பும் நாளில் கொடுக்காதீர்கள். அன்றைய வாடகை போனாலும் ஆள் திரும்பி வருவார்.

நான்கு, மெயின் பொயின்ட் பக்கம் ஏன் போகக் கூடாது என்ற காரணத்தை மரியாதையாக விளக்குங்கள். காரணம் தெரிந்தவர் சண்டை பிடிக்க மாட்டார்.

ஐந்து, திருத்த வரும் பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு அறியுங்கள். தெரியாவிட்டால் எப்பொக்ஸியையே பாவியுங்கள். அது இரண்டு வகை நுரைக்கும் சேரும். ஊதும் பலகை என்றால் ரெசினே வேண்டாம். பீவீசி ஒட்டும் பசையும் துண்டும் போதும். அதை வெயிலில் ஊதியபடி போட்டு வைக்காதீர்கள். சூட்டில் காற்று விரிந்து தையல் விடும்.

கடைசியாக என் கணக்கு

தம்பி அன்று என் கடையில் இருந்து போன பின் எனக்கும் மனம் சரியில்லை. அவர் ரெசின் கேட்டபோது, “என்னத்துக்குத் தம்பி?” என்று நான் கேட்டிருந்தால் இந்த நட்டம் வந்திருக்காது. பலகைக்கு என்று சொல்லியிருப்பார். எந்தப் பலகை என்று கேட்டிருப்பேன். பழகின சரக்கு, பழகின ஆள் என்று தகரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் ஜேர்மன்காரருக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

நட்டஈட்டில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொண்டேன். தம்பி வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். இப்போது கொழும்பிலிருந்து எப்பொக்ஸியும் தருவித்து வைத்திருக்கிறேன். ரெசின் கேட்டு யார் வந்தாலும், படகுக்கா, பலகைக்கா, உள்ளே என்ன நுரை என்று கேட்காமல் தகரத்தைத் தூக்கக் கூடாது என்று கடைப் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சிலர் இது என்ன விசாரணை என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் வாங்கிப் போகிறார்கள்.