ஓட்டப் படமும் உங்கள் முகமும்

1954 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், ஒக்ஸ்போர்ட் நகரின் இஃப்லி வீதி மைதானத்தில், மருத்துவம் பயின்றுகொண்டிருந்த றொஜர் பனிஸ்டர் என்னும் இளைஞர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைலை ஓடிய முதல் மனிதர் அவரே. அவர் முடிவுக்கோட்டை எட்டிய கணத்தைக் காட்டும் படம் உலகெங்கும் பரவிற்று. அதில் அவருடைய தலை பின்னே சாய்ந்திருக்கிறது; கண்கள் மூடியிருக்கின்றன; வாய் திறந்து கிடக்கிறது. பெயரை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் ஒருவரிடம் காட்டினால், பல்வலியால் துடிப்பவர் ஒருவரின் படமென்றே அவர் எண்ணக்கூடும்.

இத்தகைய படங்கள் இன்று நம் வீடுகளிலும் மலிந்துவிட்டன. பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால், மைதானத்தைச் சுற்றி நிற்கும் பெற்றாரும் மாமன் மாமியரும் கையடக்கத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே நிற்கின்றனர். பந்தயம் முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் படம் கொழும்பிலும் கனடாவிலும் உள்ள உறவினரைச் சென்றடைகிறது. ஓடிய பிள்ளையோ எல்லாருக்கும் பின்னரே அதைப் பார்க்கிறாள். கோணிய வாய், அரைக்கண், தொங்கும் கன்னம், விறைத்த கழுத்து. "இதுவா நான்?" என்று கேட்கிறாள். அண்ணன்மார் சிரிக்கின்றனர். அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கும் வேளையில் அவளுக்குக் கால்நோவு வந்துவிடுகிறது. இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய சிறு செய்தி அன்று.

அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. அந்தப் படத்தில் இருப்பது அவள்தான். ஆனால் மைதானத்தில் இருந்த எவரும் அவளை அவ்வாறு கண்டதில்லை. மனிதக் கண் காணாத ஒன்றையே கமரா காண்கிறது.

இதனை முதலில் உலகுக்குக் காட்டியது ஒரு குதிரை. 1878 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர் பன்னிரண்டு கமராக்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஓடும் குதிரையே குறுக்கே கட்டிய நூல்களை அறுத்துக்கொண்டு செல்லும்படி செய்து படம் பிடித்தார். அதுகாறும் ஓவியர்கள் பாயும் குதிரையை முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டியபடி வரைந்து வந்தனர். படங்களிலோ குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும் கணத்தில் அவை வயிற்றின் கீழ் ஒடுங்கியிருந்தன. கண்டவர் பலர், குதிரை இத்துணை அழகற்றதாக ஓடுமா என்று முகஞ்சுளித்தனர். ஓட்டத்துக்கே இலக்கணமான குதிரைக்கே இந்தக் கதி என்றால், நூறு மீற்றர் ஓடிய நம் வீட்டுப் பிள்ளையை ஏன் நோக வேண்டும்?

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நெடுந்தூரம் ஓடுபவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 முதல் 180 அடிகள் வைக்கிறார். ஓரடிக்கு ஒரு செக்கனில் மூன்றிலொரு பங்கு செல்கிறது. நல்ல வெயிலில் கமரா ஒரு படத்தைப் பதிய ஆயிரத்திலொரு செக்கன் போதும். ஆகவே ஓரடிக்குள்ளேயே முந்நூறுக்கு மேற்பட்ட வேறுவேறு படங்கள் அடங்கியுள்ளன. பாதம் நிலத்தில் படும்போது உடல் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. முழங்கால் மடங்குகிறது, உடல் தாழ்கிறது. கன்னத்துச் சதையோ தன் கீழ்நோக்கிய பயணத்தை உடனே நிறுத்துவதில்லை. பெரும்பாலான அவலட்சணப் படங்கள் இந்தக் கணத்தில் எடுக்கப்பட்டவையே. சற்றுப் பின்னே, பின்கால் நிலத்தை உந்தி உடல் காற்றில் எழும் கணத்தில், அதே பிள்ளை பறவைபோல் தோன்றுவாள். இரண்டுக்கும் இடையே கண்ணிமைக்கும் நேரங்கூட இல்லை.

முகத்தைச் சுளிப்பது தோல்வியின் அடையாளமும் அன்று. செக்கோசிலோவாக்கியா நாட்டின் எமில் சாற்றோபெக் 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மரதன் ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டது அதுவே முதன்முறை. தலை ஒருபுறம் சரிய, நாக்கு வெளியே தொங்க, நரகவேதனை படுபவர்போல் ஓடுவது அவர் வழக்கம். ஓடிக்கொண்டே புன்னகை செய்யுமளவுக்குத் தமக்குத் திறமை போதாது என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர்.

எனினும் எல்லாரும் சாற்றோபெக்காக வேண்டியதில்லை. முகத்தைத் தளர்த்தி ஓடுவது படத்துக்கு மட்டுமன்றிக் காலுக்கும் நன்மை தருவது. அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலக் கல்லூரியில் பயிற்றுநராக விளங்கிய பட் வின்ரர், தாடையையும் கைகளையும் தளரவிட்டு ஓடும்படி தம் மாணவருக்கு ஓயாது போதித்தார். அவருடைய மாணவர் ரொமி ஸ்மித் 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 19.83 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். கோட்டைத் தொடுமுன்பே இரு கைகளையும் விரித்து உயர்த்திய அவருடைய படத்தைப் பார்த்தால் வின்ரரின் பாடம் விளங்கும். கெனியாவின் எலியுட் கிப்சோகே 2019 இல் வியன்னாவில் மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடியபோது, இடையிடையே வேண்டுமென்றே புன்னகைத்தார். புன்னகையோடு ஓடுபவர்கள் முகஞ்சுளித்து ஓடும்போது செலவிடுவதைவிடச் சற்றுக் குறைந்த பிராணவாயுவையே செலவிட்டனர் என 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வும் கூறுகிறது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க முயல வேண்டாம். அது சுளிப்பிலும் மோசமாகப் பதியும்.

மாணவர்களே, பயிற்சியின்போதே இவற்றைப் பழகுங்கள். பார்வை பாதத்தில் விழாமல் இருபது முப்பது மீற்றருக்கு அப்பால் நிலைக்கட்டும். கழுத்து தானே நிமிரும். தோள்கள் காதை நோக்கி ஏறினால், கைகளை ஒருமுறை கீழே தொங்கவிட்டு உதறுங்கள். கையை முட்டியாக இறுக்காமல், உள்ளங்கையில் ஒரு வண்ணத்துப்பூச்சி இருப்பதாக நினைத்து மூடுங்கள். கடைசி இருபது மீற்றரில் பக்கத்தில் ஓடுபவரைத் திரும்பிப் பார்ப்பவருக்கு வேகமும் போகும், படமும் போகும். உடை, உடலோடு நில்லாமல் அடிக்கடி இழுத்துவிட வேண்டியதாய் இருந்தால் மனம் ஓட்டத்தில் நில்லாது. இதைத் தாய்மார் போட்டிக்கு முதல்நாளே ஓடச்செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் பெரும் பொறுப்பு கமரா வைத்திருப்பவரைச் சார்ந்தது. உச்சி வெயிலில் கண்குழியில் நிழல் விழும். காலையோ மாலையோ நடக்கும் பந்தயங்களே படத்துக்கு உகந்தவை. நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள், ஓடுபவர் குள்ளமாகத் தோன்றுவார். ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்து எடுத்தால் கால் நிலத்தை விட்டெழுவது நன்கு தெரியும். மிக அருகே சென்றால் மூக்கும் முழங்காலும் பெருத்துவிடும். விரலை எடுக்காமல் தொடர்ந்து இருபது முப்பது படங்கள் எடுங்கள். அவற்றில் இரண்டு தேறும். மற்றவற்றை எவருக்கும் அனுப்புமுன் அழித்துவிடுங்கள். அந்த இரண்டையும் ஓடியவளுக்கே முதலில் காட்டி, அவள் சம்மதித்தபின் மாமாவுக்கு அனுப்புங்கள்.

அழகிய முகம் இல்லாத படமும் சிலவேளை பெரும்பணி செய்துவிடுகிறது. 1967 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனில் 261 என்னும் இலக்கத்தோடு ஓடிய கத்ரின் சுவிற்சரை, பெண் என்பதால் போட்டி அதிகாரி ஒருவர் பிடித்திழுக்க முயன்றார். தொளதொளத்த மேற்சட்டை, கலவரமுற்ற முகம், பின்னே பாயும் அதிகாரி. எவரும் சட்டமிட்டு மாட்ட விரும்பும் காட்சி அன்று அது. பத்திரிகைகள் அதை உலகெங்கும் வெளியிட்டன. 1972 இல் பெண்கள் அங்கே முறைப்படி அனுமதிக்கப்பெற்றனர்.

வீட்டு அல்பத்தில் ஒட்டும் படத்தின் பின்புறத்தில் நாள், தூரம், நேரம் மூன்றையும் பேனாவால் எழுதிவையுங்கள். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்கு முதற் பதக்கத்தைப் பெற்றுத்தந்த டங்கன் வைற்றின் பெயரோடு, 400 மீற்றர் தடைதாண்டலில் அவர் ஓடிய 51.8 செக்கன் இன்றும் சேர்த்தே சொல்லப்படுகிறது; அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்பவர் இல்லை. தொலைபேசியிலேயே வைத்திருப்போர் படத்தின் கீழ் அதே மூன்றையும் பதிந்துகொள்ளலாம். அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில், நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு அது வேண்டியிருக்கும்.